கடைசி வரியில் நான்

"வியாபாரத்தில் இனி எதற்கு முதலிடம் என்பதை நான்தான் முடிவு செய்வேன்!" என்று வீரமாக அறிவித்தேன். அப்போது மனைவி வீட்டில் இல்லை.

எங்களுடையது மூக்குக் கண்ணாடிக் கடை. கண்ணைச் சோதிப்பது அவள். கல்லாவில் உட்காருவது நான். எதிர்வரிசையில் புதிதாக ஒரு கண்ணாடிக் கடை முளைத்ததிலிருந்து ஈ ஓட்டுவதும் நான்தான். இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான். அதனால் புதுப் பெயர்ப் பலகைக்கு நானே வாசகம் எழுதினேன். உச்சியில் என் பெயர், பெரிதாக. அதன் கீழே கடையின் பதினெட்டுப் பெருமைகள்.

அவள் வந்து வாங்கிப் பார்த்தாள்.

"இதுல எதுங்க முக்கியம்?"

"பதினெட்டுமே முக்கியம்."

"பஸ்ஸுக்குப் போறவங்க நின்னு படிச்சா பஸ் போயிடுமே?"

"அடுத்த பஸ்ல போகட்டும்!"

"சரி, நம்ம கடைக்கு வர்றது யாரு?"

"கண்ணு சரியாத் தெரியாதவங்க."

"அவங்களுக்கா இந்த எறும்பு எழுத்து?"

மாட்டிக்கொண்டேன். சுவரில் தொங்கிய கண் பரிசோதனை அட்டையைக் காட்டினாள். மேல் வரி பூசணிக்காய் அளவு. கீழே வர வரக் கடுகு.

"பலகையையும் இதே மாதிரி எழுதிடலாம். 'கண் மங்கலா? உள்ளே வாங்க!' அது மேல, பெரிசா. அதுக்குக் கீழ 'பரிசோதனை இலவசம்'. மத்த பதினேழையும் அடிச்சிடுங்க."

"என் பேரு?"

"கடைசி வரி."

"கடைசியா? முதலாளின்னாலே முதல் ஆளுதானே!"

அவள் குரலில் தேன் சொட்டியது. "முதல் வரியைப் போற போக்குல பார்த்துட்டுப் போயிடுவாங்க. கடைசி வரியைத்தான் நின்னு உத்து உத்துப் பார்ப்பாங்க. ஊரே உத்துப் பார்க்கிற இடம் உங்களுக்கு வேண்டாம்னா சொல்லுங்க, என் பேரைப் போட்டுக்கறேன்."

"கூடவே கூடாது!" என்று பாய்ந்தேன்.

பலகை ஏறியது. ஊர் உற்றுத்தான் பார்த்தது. படிக்க முடியாமல் பயந்துபோய் உள்ளே வந்தது. "கடைசி வரி தெரியலையே, எனக்குக் கண்ணு போச்சா?" என்று வரிசையில் நின்றார்கள். பாதிப் பேருக்கு நிஜமாகவே கண்ணாடி தேவைப்பட்டது. எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவராவது என் பெயரைப் படிக்க வேண்டாமா?

"கொஞ்சம் பெரிசா எழுதிடலாமே?" என்றேன்.

"தெரிஞ்சுட்டா யாருங்க உள்ள வருவா?"

நேற்று ஒரு லாரி டிரைவர் (அதுவரை எப்படி ஓட்டினாரோ!) புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நேராக வாசலுக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். அண்ணாந்து, கடைசி வரியை எழுத்தெழுத்தாகப் படித்தார். என் பெயர்! எனக்கு நெஞ்சு விம்மியது.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவுதானா? ஏதோ முக்கியமான விஷயம்னு நெனச்சுல்ல கண்ணாடி வாங்கினேன்!"