தொழிலதிபர் துரைக்கண்ணுவின் வருமானச் சான்று

மதிப்பிற்குரிய மச்சான் திருமுருகன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை பானுப்ரியாவின் வீட்டுக்காரன் துரைக்கண்ணு எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் தங்கை, பெரியவள் ஆர்த்தி, சின்னவள் தமிழினி மூவரும் சுகம். நான் சுகமில்லை. குயிலாப்பாளையத்தில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நன்றாயிருக்க அங்காளம்மனை வேண்டிக்கொள்கிறேன். இந்தக் காலத்தில் கடுதாசியா என்று சிரிக்க வேண்டாம். நீங்கள் என் நம்பரை பிளாக் பண்ணி இன்றோடு இருபத்திரண்டு நாள். பண்ணியது நியாயம்தான்.

சின்னவளுக்கு மேல்மலையனூரில் காது குத்த, நீங்கள் தாய்மாமன் சீரை மினி லாரியில் ஏற்றி வரப்போவதாகக் கேள்விப்பட்டதும் எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. மாமன் அவ்வளவு செய்யும்போது அப்பன் சும்மா நிற்பதா என்று தெருமுனைக்கு பேனர் அடிக்கத் திண்டிவனம் போனேன். அங்கே டிசைன் போடுகிறவர், “உங்க பேருக்குக் கீழ என்னண்ணா போடட்டும்?” என்றார். பஞ்சர் கடை என்று சொல்ல நாக்கு எழவில்லை. “எதுனா நல்லதா போடுப்பா” என்றேன். ‘தொழிலதிபர்’ என்று தட்டினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. “பின்னாடி ஒரு வெள்ளைக் கார் வெச்சா தூக்கலா இருக்கும்ணா” என்று காரும் வைத்தார். கார் தனியாக நிற்கிறதே என்று மாடி வீடு கேட்டது நான்தான். அதை மட்டும் அவர் தலையில் போட மாட்டேன்.

இதற்கிடையில் அந்தப் பெண் குழந்தைத் திட்டம். இரண்டும் பெண்ணாகி, ஆபரேஷனும் பண்ணிக்கொண்ட ஏழைக் குடும்பமாக இருந்தால், பிள்ளைகள் பேரில் அரசாங்கம் பணம் போட்டுவைத்துப் பதினெட்டு வயதில் கொடுக்கும். சின்னவளுக்கு மூன்று வயது முடிவதற்குள் மனுப் போட வேண்டும், அதற்கு வருமானச் சான்று வேண்டும். இ-சேவை மையத்தில் பதிந்தேன். விசாரிக்க வந்த வி.ஏ.ஓ. ஜெசிந்தா மேடம் தெருமுனையில் வண்டியை நிறுத்தி வழி கேட்டிருக்கிறார். என் பங்காளி ராஜாமணி கையை நீட்டி, “தோ, பேனர்ல கண்ணாடி போட்டுக்கினு நிக்கிறாரே, அவருதாங்க” என்றிருக்கிறான். மேடம் முழுவதும் படித்து, போட்டோ எடுத்துக்கொண்டு, வீட்டுக்குள் வராமலே திரும்பிவிட்டார். மனு தள்ளுபடி.

அந்தச் சூட்டில்தான் உங்களுக்குப் போன் போட்டு, “நீங்க சீர் கொண்டாந்து பந்தா காட்டினதாலதான் எம்புள்ளைங்க பொழப்பு போச்சு” என்று கத்தினேன். சொல்லக் கூடாத வேறு வார்த்தைகளும் வந்தன. அவற்றை மறுபடி எழுத எனக்குக் கை வரவில்லை.

மறுபடி பதிந்தேன் மச்சான். பேனரை அவுத்து அன்னிக்கே கொளுத்தியிருக்கணும். கடைக் கூரை ஒழுகிக்கினு இருந்துச்சா, நல்ல தடி ஷீட்டு, எதுக்கு வீணாக்கணும்னு மேல விரிச்சு நாலு மூலையிலயும் பழைய டயரைத் தூக்கி வெச்சேன். ரோட்டுப் பக்கம் மடிஞ்சு தொங்கினது எந்தப் பக்கம்னு பாக்கலை. மேடம் பாத்துட்டாங்க.

“போன தடவ வீட்டுக்கு வெச்சீங்க, இப்ப கம்பெனிக்கே போர்டு வெச்சாச்சா சார்?”

“மேடம், நான் டயருக்குக் காத்து அடிக்கிறவங்க.”

“அப்ப அந்தக் காரு எங்க நிக்குது?”

“கம்ப்யூட்டர்லங்க.”

மேடம் அதையும் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார், சான்று வரவில்லை. திங்கட்கிழமை விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுக்கப் போனேன். மரியாதையாக இருக்கட்டும் என்று வெள்ளை வேட்டி சட்டை போட்டுக்கொண்டு போனதுதான் பேஜாராகிவிட்டது. வரிசையில் நின்றவர்கள் என்னை ஏதோ பெரிய புள்ளி என்று நினைத்து அவரவர் மனுவை என் கையில் கொடுத்துக் கும்பிட்டார்கள். இல்லை என்று சொல்ல வாய் வராமல் ஏழு மனு வாங்கிக்கொண்டேன். அவற்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

சின்னவளுக்கு மூன்று வயது முடிய இன்னும் ஒன்பதே நாள். நேற்று ஆர்த்தி, “நாம ஏழையாப்பா, பணக்காரங்களா?” என்று கேட்டாள். பேருக்குக் கீழே ஒரு வார்த்தைக்கு ஆசைப்பட்டு, இரண்டு பெண்களின் படிப்பில் நானே மண்ணள்ளிப் போட்டுவிட்டேன். வெட்கமாக இருக்கிறது மச்சான்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். வரும் திங்கள் வி.ஏ.ஓ. ஆபீசுக்கு வந்து, நான் தொழிலதிபர் இல்லை, ஒன்றுமில்லாதவன் என்று மேடத்திடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து எல்லாரிடமும் அதைத்தானே சொல்லிக்கினு இருக்கீங்க, புதுசா ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். அவர்கள் தோலோடு அவித்துத் தின்னப் புது மல்லாட்டை ஒரு பை எடுத்து வைத்திருக்கிறேன். என்னைத் திட்டுவதற்காகவாவது போனை எடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும்
துரைக்கண்ணு, பஞ்சர் கடை

பின்குறிப்பு: அண்ணா, நான் பானு. ஒட்டித் தபால்ல போடச் சொல்லிக் குடுத்தாரு, படிச்சிட்டேன். அவரு விழுப்புரம் போன அன்னிக்கே நான் ரெண்டு புள்ளைங்களையும் இட்டுக்கினு போயி ஜெசிந்தா மேடத்தை ஊட்டுக்கே கூட்டியாந்து, அரிசிப் பானை வரைக்கும் தொறந்து காட்டிட்டேன். நேத்து சான்று வந்து, மனுவும் குடுத்தாச்சு. இவரு கிட்ட இன்னும் சொல்லலை. தப்பை ஒத்துக்கினு இவரு எழுதினதை இன்னிக்குத்தான் பாக்கறேன், அப்படியே போகட்டும்னு உட்டுட்டேன். “எதுக்கும்மா இப்படியெல்லாம் போட்டுக்கினாரு?”ன்னு மேடம் கேட்டாங்க. “ரெண்டும் பொண்ணான்னு கேட்டுக் கேட்டே ஊர்ல அவரு தலையைக் குனிய வெச்சிட்டாங்க. அன்னிக்கு ஒரு நாளு நிமிந்து நின்னு பாத்தாருங்க”ன்னேன். அங்கயே உக்காந்து சான்றுக்கு எழுதி உட்டாங்க. நீ வந்து அவரை ஒண்ணுமில்லாதவருன்னு சொல்ல வேணாம்ணா. இனிமே எங்கயும் சொல்லாத. ஞாயித்துக்கிழமை சாப்பிட வா.