அரிப்புக்கு எத்தனை மார்க்?

"போன வாரம் அரிப்பு உங்கள எவ்வளவு கஷ்டப்படுத்திச்சு?"

"ஸ்தோத்திரம், ஒண்ணும் இல்ல."

"கையப் பாத்து வெக்கப்பட்டியளா?"

"கர்த்தரின் கிருபையால, இல்ல."

மூன்று வாரம் முன்பு வீட்டில் நடந்த இந்தப் பேச்சை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து சுவாமிதாஸ் நினைத்துப் பார்த்தார். கேட்டது மனைவி சுகிர்தபாய். தோல் டாக்டர் கொடுத்த ஃபாரம் மலையாளத்தில் இருந்தது. சுவாமிதாசுக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. அவள் வாசித்துச் சொன்னாள்; அவர் பதில் சொன்னார்; அவளே எழுதினாள். பத்துக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மார்க்.

சபையில் யார் நலம் விசாரித்தாலும், காய்ச்சல் நூற்றுமூன்றில் கொதித்தாலும், சுகம் என்றே சொல்லி வளர்ந்தவர் அவர். குறை சொன்னால் விசுவாசம் போதவில்லை என்பார்கள். ஆகவே பத்துக்கும் பூஜ்யம்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஓமனா ஃபாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ அசுகமே இல்லியே?"

"கையப் பாருங்க டாக்டரே! முழங்கை வரை கரப்பானாக்கும்!"

"கை நான் கண்டாச்சு. இது ஜீவிதம் அளக்கதுக்குள்ள ஃபாரம். அரிப்பு ஜீவிதத்த எவ்வளவு கெடுத்திருக்குண்ணு பாக்கணும். பத்து மார்க்குக்கு மேல உள்ளவங்களுக்குத்தான் புது மருந்து. ஆகெ பதினஞ்சு பேருக்குத்தான் கிட்டும்."

தனுவச்சபுரம் கல்லூரி முக்கில் சுவாமிதாசுக்கு ஒரு டீக்கடை. கிளாஸை நீட்டும் கையைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் எதிர்க்கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இப்படியே போனால் தொண்ணூற்றேழாம் வருஷ ஓணத்துக்குக் கடை இருக்காது.

வீட்டுக்கு ஓடினார். கையில் புதிய ஃபாரம்.

"எட்டீ, எல்லாத்துக்கும் மூணு போடு."

"வெளிய எறங்க முடியலியாண்ணு கேக்குது. நீங்க போவியளே."

"முடியலண்ணு எழுதுட்டீ."

சுகிர்தபாய் எழுதினாள். எட்டாம் கேள்வியில் பேனா நின்றது.

"வீட்டுக்காரியோட பிரச்சினை உண்டாண்ணு கேக்குது."

"அதுக்கு நாலு உண்டா?"

"மூணுதான் உண்டு."

அதையும் அவளே எழுதினாள்.

முப்பதுக்கு முப்பது. இந்தமுறை ஆஸ்பத்திரியில் நர்ஸ் ரெஜிலா பிடித்துக்கொண்டாள். அவளும் அதே சபைதான்.

"மாமா, வெளிய எறங்கவே முடியலண்ணு எழுதியிருக்கு. ஞாயிற்றுக்கிழமை கன்வென்ஷன்ல ரண்டு மணிக்கூர் நிண்ணு பாடினது ஆராக்கும்?"

"அது... கர்த்தருக்காக, மக்கா."

டாக்டர் ஃபாரத்தின் குறுக்கே கோடு போட்டார். கெஞ்சிக் கேட்ட பிறகுதான் மனம் இறங்கினார். "வெள்ளிக்கிழமையோட லிஸ்ட் முடியும். ஒரு ஆளுக்குத்தான் இடம் உண்டு. வீட்டுக்காரியக் கூட்டிட்டு வாங்க. அவங்க சொல்றத நான் எழுதுறேன்."

இன்று வெள்ளி. பெஞ்சில் சுவாமிதாஸ் கடைசியாக ஒருமுறை பாடம் சொல்லிக்கொடுத்தார்.

"முப்பது வேண்டாம். மாட்டிக்குவோம். ஒரு இருபத்தஞ்சுல நிறுத்து."

"சரி," என்றாள் சுகிர்தபாய்.

உள்ளே டாக்டர் பேனாவைத் திறந்தார்.

"அரிப்பு எப்படி?"

"ராத்திரி உள்ளங்கையக் கீறிக் கீறி ரத்தம் வரும். பழந்துணி சுத்திட்டாக்கும் படுக்கியது."

உள்ளங்கையா? சுவாமிதாஸ் தன் உள்ளங்கையைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாள், போகட்டும்.

"ஜோலி?"

"கிளாஸ் கழுவும்போ சோப்பு பட்டா கண்ணுல தண்ணி முட்டும். ஆரும் பாக்காம சுவரப் பாத்துட்டு நிக்கணும்."

சுவாமிதாஸ் வாழ்நாளில் ஒரு கிளாஸ் கழுவியதில்லை. இவளுக்கு இவ்வளவு அழகாகப் பொய் சொல்ல வருமா என்று அவருக்கு நன்றியில் கண் கலங்கியது.

"வெக்கம்?"

"திருவிருந்துக்குக் கை நீட்ட முடியல. ஒரு வருசமாச்சு போயி."

தொலைந்தது! மாதம் தவறாமல் முதல் வரிசையில் முழங்கால் போடுகிறவர் அவர். பதறிப்போய் ரெஜிலாவைப் பார்த்தார். அவள் தலை குனிந்துகொண்டாள்.

"பார்யா பர்த்தாவுக்குள்ள பிரச்சினை?"

"கவனிச்சாத்தானே பிரச்சினை வாறதுக்கு."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். மற்றக் கேள்விகளையும் கேட்டு எழுதிவிட்டுக் கூட்டினார்.

"இருபத்தேழு. இதுல கள்ளம் இல்ல."

சுவாமிதாஸ் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "நான் சொன்னேன்லா டாக்டரே! எனக்க கஷ்டம் இவளுக்குத்தான் தெரியும். பேர எழுதுங்க, சுவாமிதாஸ்!"

டாக்டர் எழுதப் போனார். சுகிர்தபாய் சேலைத் தலைப்புக்குள்ளிருந்து இரண்டு கைகளையும் எடுத்து, உள்ளங்கை மேலே தெரிய, மேசைமேல் வைத்தாள்.

"அவருக்க பேரு வேண்டாம், டாக்டரே. இவ்வளவு நேரம் சொன்னது எனக்க கையப் பத்தியாக்கும். நாலு வருசமாச்சு. என்னையும் ஒருக்கா பாப்பியளா?"