சாப்பிட்டுவிட்டுப் போகலாமே

வெள்ளைக்காரர் செருப்பைக் கழற்றியபோதுதான், அவர் நிஜமாகவே உள்ளே வரப்போகிறார் என்று பாக் கார்த்தோமோவுக்குப் புரிந்தது.

கார்த்தோமோ தப்பு எதுவும் செய்துவிடவில்லை. ஜாவாவின் சோலோ நகரத்தில் வாசலில் நிற்கிற எவரும் செய்வதைத்தான் செய்தார். தெருவில் ஒருவர் போனால், "உள்ள வந்துட்டுப் போங்களேன்" என்று சொல்ல வேண்டும். போகிறவர், "இருக்கட்டும், இன்னொரு நாள்" என்று சொல்லிக்கொண்டே நடையைக் கட்ட வேண்டும். அந்த இன்னொரு நாள் யாருக்கும் வந்ததில்லை. ஊர் நிம்மதியாக இருப்பதே அதனால்தான்.

இந்த மனிதரோ முதுகில் மூட்டையும் கழுத்தில் கேமராவுமாக நின்று, "வரலாமா? ரொம்ப சந்தோஷம்!" என்று வந்தேவிட்டார். பெயர் ஹென்ட்ரிக்காம். ஊர் சுற்றிப் பார்க்க வந்தவராம்.

"யாரு மாஸ் அது?" என்று புருஷனை மரியாதையாக அழைத்துச் சமையலறையிலிருந்து மனைவி லஸ்மினி கிசுகிசுத்தாள்.

"தெரியாது."

"தெரியாதவரையா உள்ள கூப்பிட்டீங்க?"

"தெரிஞ்சவரா இருந்தா வந்திருக்க மாட்டாரே!"

லஸ்மினி அடுப்பைக் காட்டினாள். தேங்காய்ப்பாலில் ஒரு முழுக்கோழி கைகூப்பிய மாதிரி மடங்கி வெந்துகொண்டிருந்தது. அன்று சாயங்காலம் மகள் ரெத்னோவைப் பெண் கேட்டு, கர்த்தசுராவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. கோழி முழுசாக அவர்கள் முன்னால் போய் உட்கார வேண்டும். ஒரு இறக்கை குறைந்தாலும் மாப்பிள்ளையின் அம்மா இபு சுதார்த்தி ஒன்றும் சொல்ல மாட்டார். ஒன்றும் சொல்லாமலே திரும்பிப் போய்விடுவார். அதுதான் பயம்.

"போகச் சொல்லிடுங்க."

கார்த்தோமோ மனைவியை ஏற இறங்கப் பார்த்தார். மூன்று தலைமுறையாக பாத்திக் துணி விற்கிற குடும்பம். அடிமாட்டு விலைக்குக் கேட்கிறவனிடம்கூட "முடியாது" என்று சொன்னதில்லை. "யோசிச்சுப் பார்ப்போம்" என்பார், அவனும் புரிந்துகொண்டு பையை எடுத்துக்கொண்டு போவான். வீட்டுக்குள் வந்தவரைப் பார்த்துப் போ என்பதா?

"பக்குவமா அனுப்பிடறேன். ஒரு டீ மட்டும் குடு."

டீ வந்தது. விருந்தாளி அடியில் ஒரு மடக்கு மிச்சம் வைத்தால், "போதும்" என்று அர்த்தம். ஹென்ட்ரிக் சர்க்கரைப் படிவுவரை உறிஞ்சிவிட்டுக் காலி கிளாஸை அழகாக எதிரில் வைத்தார். லஸ்மினி மறுபடி ஊற்ற வேண்டியதாயிற்று. அதையும் காலி செய்தார்.

"வெளிநாட்டுக்காரர், பாவம், தெரியலை," என்றார் கார்த்தோமோ.

"டீ குடிக்கத் தெரியுது," என்றாள் ரெத்னோ.

இனி அடுத்த ஆயுதம்தான். கார்த்தோமோ கடிகாரத்தைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், பிறகு கனிவாகச் சொன்னார்: "என்ன அவசரம்? ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போகலாமே."

இதைக் கேட்ட பிறகும் நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருந்த ஜாவாக்காரரை அவர் தன் ஆயுளில் பார்த்ததில்லை. அலறியடித்து எழுந்து, "ஐயோ, இப்பதான் சாப்பிட்டேன்" என்று பொய் சொல்லிவிட்டு ஓடிவிடுவார்கள்.

"சாப்பிடறேனே," என்றார் ஹென்ட்ரிக்.

லஸ்மினி புத்திசாலி. கோழியை மூடிவிட்டு, சோறும் வறுத்த தெம்பேயும் மிளகாய்ச் சம்பலும் மட்டும் கொண்டுவந்து வைத்தாள். வந்தவர் தெம்பேயைத் தூக்கிப் பார்த்து, "இது என்ன?" என்று குழந்தை மாதிரி கேட்டார். புளிக்க வைத்த சோயா என்று கார்த்தோமோ விளக்கினார். ஹென்ட்ரிக் ஆச்சரியப்பட்டுக்கொண்டே எட்டுத் துண்டை முடித்தார். நாலூர் சனம் கண்ணீர் விடுகிற சம்பலை விரலால் வழித்துச் சாப்பிட்டார், கண் கலங்கவில்லை.

"குளிர் தேசத்து உடம்பு. உறைக்காதுபோல," என்றார் கார்த்தோமோ.

அப்போது ஹென்ட்ரிக் மூக்கை உயர்த்தினார். "உள்ளேயிருந்து என்னமோ வாசனை வருதே! இந்த மாதிரி வாசனையை என் வாழ்க்கையிலேயே முகர்ந்ததில்லை."

ஒரு பண்டத்தை விருந்தாளி இப்படிப் புகழ்ந்துவிட்டால், கண்ணில் காட்டாமல் இருக்க முடியாது.

"கொண்டு வா," என்றார் கார்த்தோமோ, உயிரில்லாத குரலில்.

"மாஸ்!"

"சும்மா காட்டத்தான். மூணு தடவை உபசரிக்கணும், அவர் மூணு தடவை வேண்டாம்னு சொல்லுவார். மரியாதை தெரிஞ்ச மனுஷனா இருந்தா..."

"செருப்பைக் கழட்டினப்பவே தெரிஞ்சுதே," என்றபடி லஸ்மினி போனாள்.

கோழி வந்தது. "எடுத்துக்கோங்க," என்றார் கார்த்தோமோ, முதல் தடவையாக. இரண்டாம் தடவைக்கு அவசியம் வரவில்லை. ஒரு தொடை கழன்று தட்டுக்குப் போயிருந்தது. அடுத்த தொடையும், அதற்குத் துணை வேண்டுமென்று இறக்கையும் போயின. பிறகு, தொட்ட காரியத்தை அரைகுறையாக விடக் கூடாது என்கிற ஒழுங்கோடு அவர் நெஞ்சுப் பகுதிக்கு நகர்ந்தார்.

ரெத்னோ சுவரில் சாய்ந்து நின்றாள். "அப்பா, என் கல்யாணத்தைத்தான் அவர் மென்னுக்கிட்டிருக்கார்."

வாசலில் நிழல் நீண்டது. கார்த்தோமோ கடைசி ஆயுதத்தை உருவினார். இது தவறியதே இல்லை. கடன்காரர்களே இதற்கு ஓடியிருக்கிறார்கள்.

"மழை வர்ற மாதிரி இருக்கு. ராத்திரி இங்கேயே தங்கிட்டுக் காலையில போங்களேன்."

ஹென்ட்ரிக் கண்ணில் நீர் திரண்டது. சம்பலுக்குத் திரளாத நீர். "என்ன மனசு உங்களுக்கு! குளியலறை எந்தப் பக்கம்?"

அவர் உள்ளே போய்த் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டு பாடுகிற சத்தம் கேட்டபோது, வாசலில் கார் வந்து நின்றது.

சம்பந்தி வீட்டார் வந்து அமர்ந்தார்கள். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். மாப்பிள்ளையின் அப்பா வானிலையைப் பற்றிப் பேசினார். இபு சுதார்த்தியின் பார்வை மட்டும் மேஜை மேல் இருந்த எலும்புக்கூட்டில் நின்றது. லஸ்மினி அவசரமாக அதன் மேல் ஒரு வாழையிலையைப் போட்டாள். பார்ப்பதற்கு அது இன்னும் சோகமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து, கார்த்தோமோவின் புதுக் கைலியைக் கட்டிக்கொண்டு, தலை துவட்டியபடி ஹென்ட்ரிக் வந்து நின்றார்.

கார்த்தோமோ எழுந்தார். வியாபாரியின் நாக்கு தானாகவே புரண்டது. "இவர்... ஹாலந்திலிருந்து நம்ம துணி வாங்க வந்திருக்கிற பெரிய முதலாளி. நேத்துதான் விமானத்துல இறங்கினார். நம்ம ஊர் வழக்கம் ஒண்ணும் தெரியாது. பெரிய மனசு பண்ணி..."

சம்பந்தம் எழுந்து செருப்பைத் தேடுவதுபோல் கார்த்தோமோவுக்குத் தோன்றியது. ரெத்னோ கதவோரம் கண்ணை மூடிக்கொண்டாள்.

இபு சுதார்த்தி மெல்ல நகர்ந்து வந்து லஸ்மினியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கவலைப்படாதீங்க சம்பந்தியம்மா, நாங்க வீட்டுலயே சாப்பிட்டுட்டுத்தான் கிளம்பினோம். பன்னெண்டு வருஷமா எங்க பக்கத்து வீட்டுக்காரர்தானே இவர், இன்னிக்கு உங்க வீட்டுல விசேஷம்னு நான் வாய் தவறிச் சொன்னதுமே பயணி வேஷம் கட்ட ஆரம்பிச்சுட்டார்."