சிப்பாய்க்கும் மேடத்துக்கும் வேலை

வீட்டுக்காரம்மாவின் கூடத்தில் அன்று கூடியிருந்தவர்கள் வருமாறு: ஜன்னலோர சோபாவில் வீட்டுக்காரம்மா. எதிரே, முதுகு படாமல் நாற்காலி நுனியில், கீழ்வீட்டு இன்ஜினியர். மடியில் புகார்க் கடிதங்கள் அடங்கிய கோப்பு. பக்கத்தில் அவர் மனைவி, கணவரின் பேச்சுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு. குற்றவாளிக் கூண்டு என்று தனியாக எதுவும் இல்லாததால், கதவோரம் கிடந்த முக்காலியில் மாடிவீட்டு மருந்துக்கடைக்காரர். அதே முக்காலியில் மிச்சமிருந்த இடத்தில் அவர் மனைவி.

வராதவர்கள் இருவர்: சிப்பாய், மேடம். முன்னது நாய், பின்னது பூனை. ஆள் வராவிட்டாலும் சிப்பாயின் குரல் வந்திருந்தது. மாடியிலிருந்து அது இழுத்து இழுத்து ஊளையிட்டுக்கொண்டிருந்தது.

"கேட்டுக்கிட்டீங்களாம்மா?" என்றார் இன்ஜினியர், சொந்தப் பிள்ளை பாடுவதைக் காட்டுகிறவர் மாதிரி. "இவங்க ரெண்டு பேரும் படி இறங்கினா போதும், ஆரம்பிச்சிடும். நான் வீட்டுலயே உட்கார்ந்து பிளான் போடுறவன். நேத்து ஒரு வீட்டுக்கு வாசல் வைக்கவே மறந்துட்டேன்."

வீட்டுக்காரம்மா மருந்துக்கடைக்காரர் பக்கம் திரும்பினார். "தம்பி, மாசக் கடைசி வரைக்கும் பொறுப்பேன். சத்தம் நிக்கலைன்னா ஒண்ணு அதுங்க போகணும், இல்லே நீங்க எல்லாருமா போகணும்."

சிப்பாயை மருந்துக்கடைக்காரர் குட்டியாகக் கடை ஷட்டருக்கு அடியில் கண்டெடுத்து, சொட்டு மருந்துக் குழாயில் பால் புகட்டி வளர்த்தவர். மேடமோ கல்யாணத்துக்கு முன்பிருந்தே மனைவியோடு இருப்பவள். மூப்பு வரிசைப்படி பார்த்தால் வீட்டில் அவருக்கு மேல். யாரை அனுப்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை. வேறு வீடு தேடலாம் என்றால், நாய் என்றதும் பாதிக் கதவையும் பூனை என்றதும் மீதிக் கதவையும் சாத்தினார்கள்.

நூலகத்தில் வேலை பார்க்கும் மனைவி மறுநாளே ஒரு புத்தகத்தோடு வந்தாள்.

"ஏங்க, இதுங்க சேட்டை பண்ணலை. பொழுது போகலை, அவ்வளவுதான். தேடணும், ஏறணும், எட்டிப் பார்க்கணும், ஒளியணும். இதுக்கெல்லாம் வீட்டுல வழி பண்ணிக் கொடுத்தா வாயே திறக்காதாம்."

"ஞாயித்துக்கிழமை எனக்கும்தான் பொழுது போகலை. நான் ஊளையா விடுறேன்?"

"குறட்டை விடுறீங்க. அந்தப் பழைய துண்டை எடுங்க."

துண்டில் தீனியைத் தூவி, இறுக்கிச் சுருட்டிச் சிப்பாயிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். சிப்பாய் பிரித்தது, தின்றது, ஊளையிடவில்லை. சுருட்டி வைத்த பொருளுக்குள் சாப்பாடு இருக்கும் என்ற பேருண்மையைக் கண்டுபிடித்த பிறகு ஊளையிட அதற்கு நேரம் ஏது? போர்வைகளைப் பிரித்தது. மருந்துக்கடைக்காரரின் பட்டச் சான்றிதழைப் பிரித்தது. சந்தேகம் தீராமல் மெத்தையையும் கூடம்வரை இழுத்து வந்திருந்தது.

கதவிடுக்கில் இன்ஜினியரின் கடிதம் செருகியிருந்தது. 'மேற்படி வீட்டில் மரச்சாமான் இழுக்கும் ஓசை. நகல்: வீட்டு உரிமையாளர். நகல்: என் கோப்பு.'

"சுருட்டுறது வேண்டாம், உருட்டுறதா கொடுப்போம்" என்றார் மருந்துக்கடைக்காரர். கடையிலிருந்து பெரிய காலி மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து, பக்கங்களில் ஓட்டை போட்டு, உள்ளே தீனியை நிரப்பினார். உருட்டினால் ஒவ்வொன்றாக விழும். சிப்பாய்க்கு டப்பா மிகவும் பிடித்துப்போயிற்று. தீனி தீர்ந்த பிறகும், கடமை தவறாமல், டைல்ஸ் தரையில் சுவருக்குச் சுவர் உருட்டியது.

"சார், என் தலைக்கு மேல சரக்கு ரயில் ஓடுது" என்று மாடிப்படியில் மறித்தார் இன்ஜினியர்.

தடித்த கம்பளம் வாங்கித் தரை முழுக்கப் போட்டார்கள். ரயில் நின்றது. ஆனால் வேலையெல்லாம் நாய்க்கே போகிறது என்று மேடத்துக்குக் கோபம் வந்து, திரைச்சீலையில் தொங்க ஆரம்பித்தாள்.

"அவளுக்கு ஏற இடம் வேணும்" என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடைக்காரர் சுவரைத் துளைத்துப் படிப்படியாகப் பலகை அடித்தார். மாத்திரை எண்ணிப் பழகிய கை, சுத்தியலுக்குப் பழகவில்லை. ஆணியைவிடச் சுவருக்கும், சுவரைவிடக் கட்டைவிரலுக்கும் அடி அதிகம் விழுந்தது. கீழ்வீட்டு அம்மாள் ஸ்வெட்டரும் கையுமாக ஏறி வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, உசிரோட இருக்கீங்களா? சத்தத்தைக் கேட்டு வந்தேன்."

"மன்னிச்சுக்கோங்கம்மா. சாருக்கு ரொம்பத் தொந்தரவா?"

"அவரா? உற்சாகமா உட்கார்ந்து எழுதிக்கிட்டிருக்காரு. பேப்பர் தீந்துடுச்சுன்னு கடைக்கு வேற போனாரு."

பலகைகளில் ஏறிய மேடம், மேலிருப்பதைத் தள்ளினால் கீழிருப்பவன் கவனிப்பான் என்று தெரிந்துகொண்டாள். இரண்டும் கூட்டு வியாபாரம் தொடங்கின. மேடம் தள்ளிவிடுவாள், சிப்பாய் பிரித்துப் பார்க்கும். தீனி டப்பா விழுந்தது. பிறகு மூக்குக்கண்ணாடி, கடிகாரம், இருமல் மருந்து. இருமல் மருந்து குடித்த கம்பளத்தைத் துவைக்கப் போட்டதும் சரக்கு ரயில் மறுபடி ஓடத் தொடங்கியது.

அடுத்தது எட்டிப் பார்த்தல். ஜன்னலோரம் ஒரு பெஞ்சு போட்டார்கள். இது பலித்தது. தெருவில் போகிற வருகிற வண்டிகளையும் குடைகளையும் மற்ற நாய்களையும்கூட இரண்டும் வாயடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தன. ஆனாலும் சாயங்காலம் கதவில் கடிதம் இருந்தது: 'மேற்படி நாய் என்னைப் பார்த்து மட்டும் குரைக்கிறது.'

உண்மையா என்று பார்க்க மனைவி ஒரு நாள் விடுப்பு எடுத்துத் திரைக்குப் பின்னால் நின்றாள். பிற்பகலில் கடைக்குப் போன் வந்தது.

"ஏங்க, இப்பதான் பார்த்தேன். அவரு ஜன்னலுக்குக் கீழே நின்னு குரைக்கிறாருங்க!"

"சிப்பாய்தானே?"

"சிப்பாய் அப்புறம்தான் குரைச்சுது. முதல்ல குரைச்சது அவரு. சும்மா சொல்லக் கூடாது, அச்சு அசலா இருந்துச்சு."

மருந்துக்கடைக்காரர் மருந்து வாங்க வந்தவரிடம் மாத்திரைக்குப் பதில் சில்லறையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அவ்வளவு யோசனை. "நம்மளைச் சோதிக்கிறாரு போல" என்று கடைசியில் முடிவுக்கு வந்தார்.

ஜன்னலின் கீழ்ப்பாதியில் மங்கல் காகிதம் ஒட்டினார்கள். ஆகாயமும் பறவைகளும் மட்டும் தெரிந்தன. மிச்சமிருந்தது ஒளிதல். கடைக்கு மருந்து வரும் அட்டைப்பெட்டிகளையெல்லாம் அவர் சுமந்து வந்தார். துளை வெட்டி, ஒன்றோடொன்று ஒட்டி, கூடத்திலிருந்து சமையலறை வரைக்கும் ஒரு கோட்டையே கட்டினார். தீனியை உள்ளே அங்கங்கே ஒளித்தார். மேடம் ஒளிந்தாள், சிப்பாய் தேடியது. சிப்பாய் ஒளிந்தது, மேடம் கண்டுகொள்ளவில்லை. தேடித் தேடி அலுத்து இரண்டும் ஒரே பெட்டியில் தூங்கின. மனிதர்கள் இருவரும் நடக்க வழியில்லாமல் சமையலறைக்குத் தவழ்ந்து போனார்கள். ஆனால் வீட்டில் சத்தமில்லை. கதவில் கடிதமும் இல்லை.

இன்ஜினியர்தான் கடைக்கு வந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"தூக்கம் வரலை சார். வீடு என்னமோ ரொம்ப அமைதியா இருக்கு."

"நீங்க கேட்டதுதானே சார்?"

"கேட்டேன். அதுக்காக ஒரேயடியாவா?" சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஒரு நாளைக்கு ஒரு தடவை, சும்மா ஒரு தடவை, குரைக்க விடுங்களேன்."

மருந்துக்கடைக்காரர் நரம்புத் தளர்ச்சிக்கு டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்.

மாசக் கடைசியில் வீட்டுக்காரம்மா மாடிக்கே வந்துவிட்டார். புருஷன் பெண்டாட்டி இருவரையும் வெளியே வரச் சொல்லிக் கதவைப் பூட்ட வைத்தார். கீழ்வீட்டுத் தம்பதியும் ஏறி வர, எல்லாரும் மாடிப்படியில் நின்று காது கொடுத்தார்கள். மருந்துக்கடைக்காரரின் விரல்களை மனைவி நெரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஒரு முனகல்கூட இல்லை.

இன்ஜினியர் இருமினார். காலைத் தொம்தொம்மென்று உதைத்தார். பிறகு, தாங்கமுடியாமல், மெல்ல, "வள்" என்றார்.

"என்ன தம்பி, உடம்புக்கு முடியலையா?" என்றார் வீட்டுக்காரம்மா. "சரி, கேஸ் முடிஞ்சுது. மருந்துக்கடைத் தம்பி, நீங்க நாலு பேரும் எத்தனை வருஷம் வேணும்னாலும் இருங்க."

மருந்துக்கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அவசரப்படாதீங்கம்மா!" இன்ஜினியர் குறுக்கே விழுந்தார். "வாயில்லா ஜீவன். நாய்னா குரைக்கணும். அதோட உரிமை அது!"

அப்போது மருந்துக்கடைக்காரரிடம் ஒரு கையெழுத்து வாங்கக் கூரியர்காரர் படியேறி வந்தார். கீழ்வீட்டு அம்மாள் ஸ்வெட்டர் பையிலிருந்து ஓர் உறையை எடுத்து, நாக்கால் நனைத்து ஒட்டி, கட்டைவிரலால் ஓரத்தை அழுத்தி அவரிடம் நீட்டினாள். கூரியர்காரர் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வந்த கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

"ரொம்ப நன்றிண்ணே" என்றாள் அவள் மருந்துக்கடைக்காரரிடம், முகமெல்லாம் பூரிப்பாக. "எங்கப்பா அம்மா எப்ப வர்றோம்னு சொன்னாலும், 'நாய்ச் சத்தம் உங்களுக்கு ஒத்துக்காது, நிக்கட்டும், நானே கூப்பிடுறேன்'னு புகார்க் கடிதத்துல ஒரு நகலைச் சேர்த்து இவருதான் அனுப்பிக்கிட்டே இருந்தாரு; இப்பதான் நின்னுடுச்சே, ஊர்ல இருக்கிற வீட்டை வித்துட்டு மொத்தமா இங்கேயே வந்துடுங்கன்னு எழுதிட்டேன்!"