சிலாங்கூரில் தண்ணீர் இருக்கிறது

மலேசியாவில் ஒரு சிலாங்கூர்க்காரனும் ஒரு பினாங்குக்காரியும் கல்யாணம் செய்துகொள்ள நினைத்தால், பத்துப் பொருத்தம் பார்ப்பதற்கு முன்னால் இரண்டு வீட்டுக் குழாயையும் திறந்து பார்த்துவிட வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அந்த வயதில் நான் அவ்வளவு புத்திசாலி.

தேவிகாவும் நானும் கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தோம். அவள் பினாங்கு மாநிலத்தில் பட்டர்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவள். வேலைக்காக அம்பாங்கில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். நான் சிலாங்கூரில் கிள்ளான்காரன். அப்பா இல்லை. அம்மா வீட்டிலேயே ரவிக்கை தைப்பவர். அவர் கிள்ளானை விட்டு எங்கும் வரமாட்டார் என்பது ஊரறிந்த விஷயம். செமினியில் இருக்கும் சொந்தத் தங்கை வீட்டில் ஓர் இரவு தங்கினாலே அவருக்குத் தலைவலி வந்துவிடும்.

தேவிகாவின் அப்பாவோ துறைமுகத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் ஆஜானுபாகு. எங்கள் காதலுக்கு அவர் தடை சொல்லவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான்.

"பொண்ணத் தரேன் தம்பி. ஆனா கல்யாணம் முடிஞ்சதும் ரெண்டு பேரும் பினாங்குக்கு வந்துடணும். உங்க ஊர்லல்லாம் மனுசன் இருப்பானா?"

"ஏன் அங்கிள், இங்க லட்சக்கணக்குல இருக்காங்களே."

"இருக்காங்க. குளிச்சாங்களான்னு கேளுங்க."

அதோடு நிறுத்தவில்லை. பினாங்கில் கடல் இருக்கிறது என்றார். எங்களுக்கும் இருக்கிறது என்றேன். அது கடல் இல்லை, சேறு என்றார். அங்கே சாப்பாடு ருசி என்றார். இங்கே சம்பளம் ருசி என்றேன். பினாங்குப் பாலத்தில் வண்டி நகர்வதில்லையே என்று நான் கேட்டால், நின்றுகொண்டே கடற்காற்று வாங்கலாமே என்பார். விடாக்கண்டனும் கொடாக்கண்டனும் தொலைபேசியில் சந்தித்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. ஆனால் எப்படிச் சுற்றினாலும் அவர் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: "உங்க ஊர்ல தண்ணி வராது."

கடைசியில், வழக்கப்படி மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறோம் என்றார். அவரே ஜோசியரிடம் கேட்டு ஒரு சனிக்கிழமையைக் குறித்தார், பிற்பகல் மூன்று மணிக்கு மேல் நல்ல நேரம். வீடு பிடித்திருந்தால் நிபந்தனையைப் பற்றி யோசிப்பதாகவும் சொன்னார். எனக்கு அது போதும். ஒரே நாளில் சிலாங்கூரின் மானத்தைக் காப்பாற்றி, பெண்ணையும் அம்மாவையும் ஒரே ஊரில் வைத்துக்கொள்வது என்று முடிவு கட்டினேன்.

அந்த வாரம்தான் அறிவிப்பு வந்தது. பராமரிப்பு வேலைக்காக வியாழக்கிழமையிலிருந்து ஞாயிறு வரை தண்ணீர் நிறுத்தம்.

நாளைத் தள்ளிப் போடலாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். குறித்த நாளைத் தள்ளினால் தடங்கல் என்று வேறு பேச்சு வரும். அம்மா ஒரே வரியில் தீர்வு சொன்னார்.

"உண்மையச் சொல்லிடுடா. எல்லார் வீட்லயும்தானே தண்ணி கட்."

"அம்மா, அந்த மனுசன் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காரு. நான் பாத்துக்கறேன்."

(இந்த 'நான் பாத்துக்கறேன்' இருக்கிறதே, எங்கள் வீட்டில் நடந்த எல்லா விபத்துக்கும் முன்னால் நான் சொன்ன வாசகம் அதுதான்.)

கூரைத் தொட்டி சனிக்கிழமை வரை தாங்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அம்மா வெள்ளிக்கிழமை காலையிலேயே வாசலிலிருந்து பின்கட்டு வரை கழுவி விட்டுவிட்டார். கேட்டதற்கு, "சம்பந்தி வீட்டு ஆளுங்க வராங்க, கழுவாம இருக்க முடியுமாலா?" என்றார். தொட்டி காலி. நல்லவேளையாக, புதன்கிழமை இரவே நான் அம்மா துணி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டிகளைக் காலி செய்து, விளிம்பு வரை தண்ணீர் பிடித்து வைத்திருந்தேன். மூடி போட்ட, அகலமான, முழங்கால் உயரப் பெட்டிகள்.

இப்போது பிரச்சினை, அவற்றை எங்கே ஒளிப்பது. குளியலறையில் வைத்தால் குட்டு வெளிப்படும். அறைகளையெல்லாம் அவர்கள் சுற்றிப் பார்ப்பார்கள், அதற்காகத்தானே வருகிறார்கள். யோசித்து யோசித்து, கூடத்திலேயே சன்னலோரமாகப் பெட்டிகளை வரிசையாக அடுக்கி, மேலே அம்மாவின் புதுப் படுக்கை விரிப்பைப் போட்டு, இரண்டு மெத்தைத் தலையணைகளையும் வைத்தேன். அசல் திவான் கட்டில். நானே தள்ளி நின்று ரசித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது முடியாத காரியம் என்று யார் சொன்னது?

சனிக்கிழமை அவர்கள் கே.எல். சென்ட்ரலில் ரயிலில் வந்து இறங்கினார்கள். அங்கிளும், தேவிகாவின் அம்மா ஆன்டியும். அவர்களைக் கூட்டிப் போகத் தேவிகா முன்னாலேயே வந்து நின்றாள். வீட்டில் யாருக்கும் கைகழுவும் வேலை வரக் கூடாது என்பதற்காக, நிலையத்துக்குப் பக்கத்தில் பிரிக்பீல்ட்ஸிலேயே வாழையிலைச் சாப்பாடு ஏற்பாடு செய்திருந்தேன். கிள்ளானுக்கு மட்டும் அறிவிப்பைப் படித்தவன், மற்ற வட்டாரங்களின் பெயரைப் படிக்கவில்லை.

அங்கிள் ரசித்துச் சாப்பிட்டார். மீன் குழம்பு இரண்டு முறை. "பரவால்ல, சாப்பாடு ஒத்துக்கறேன்" என்று வேறு சொன்னார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. குழம்பு வழியும் கையைத் தூக்கிப் பிடித்தபடி கைகழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்தார். குழாய் ஒரு பெருமூச்சு விட்டது. அவ்வளவுதான்.

நான் பாய்ந்து போய்க் கடைக்காரரிடம் இரண்டு மினரல் வாட்டர் போத்தல் வாங்கி வந்து அவர் கையில் ஊற்றினேன்.

"எங்க ஊர்ல முக்கியமான விருந்தாளிக்கு இதுலதான் அங்கிள் கை கழுவ விடுவோம்."

அவர் விரல் விரலாகக் கழுவினார். "அப்படியா தம்பி. பினாங்குல நாங்க இன்னும் பைப்புலதான் கழுவிக்கிட்டு இருக்கோம்."

தேவிகா என்னை ஓரமாக இழுத்தாள். "உங்க வீட்ல தண்ணி இருக்கா?"

"நெறைய இருக்கு" என்றேன். பொய் இல்லையே.

கிள்ளானுக்குப் போகும் கூட்டரசு நெடுஞ்சாலையில் வண்டி நத்தையிடம் பாடம் படித்தது. "இந்நேரம் நாங்க தீவையே ஒரு ரவுண்டு வந்திருப்போம்" என்றார் அங்கிள். வேலை இருக்கிற ஊரில்தான் நெரிசலும் இருக்கும் என்றேன். ஆன்டி கண்ணை மூடிக்கொண்டார். தூங்கினாரா, வேண்டிக்கொண்டாரா என்று தெரியவில்லை.

கிள்ளானில் அம்மா சந்தனம், குங்குமம், பன்னீரோடு வாசலில் நின்றார். (பன்னீர் மட்டும் அன்று தாராளம்.) ஆன்டி பழத்தட்டை நடுவில் வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போனார். நான் பின்வழியாக ஓடிப் போய், அவர் வெளியே வந்ததும் வாளித் தண்ணீரைக் கழிவறைத் தொட்டியில் நிரப்பிவிட்டு, மூச்சு வாங்காதவன்போல் கூடத்துக்கு வந்தேன். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. சோபாவில் ஆன்டியும் அம்மாவும் தேவிகாவும் உட்கார்ந்திருந்தார்கள். அங்கிளுக்காக நல்ல நாற்காலி ஒன்றைத் துடைத்து வைத்திருந்தேன்.

"எனக்கு இடுப்பு வலி தம்பி. கெட்டியான திவான்னா சவுகரியம்" என்று அவர் சன்னல் பக்கம் நடந்தார்.

"அங்கிள், அங்க வேணாம், வெயில்..."

"வெயிலா? மழ மூட்டமா இருக்கு."

உட்கார்ந்தார். விரிப்புக்குக் கீழே 'டப்' என்று ஒரு சத்தம். துறைமுகத்தில் கப்பல்களையே அதட்டிய மனிதர், மெல்ல, மிக மெல்ல, உட்கார்ந்தபடியே கீழே இறங்கினார். முழங்கால்கள் மேலே வந்தன. அவர் போன இடத்திலிருந்த தண்ணீர் முழுக்க வெளியே வந்தது. விரிப்பைத் தள்ளிக்கொண்டு கூடமெங்கும் ஓடி, பழத்தட்டைச் சுற்றி வளைத்து, ஆன்டியின் பட்டுப்புடவை ஓரத்தைத் தொட்டது.

பெட்டிக்குள் சிக்கிக்கொண்ட அங்கிள் ஒருமுறை கீழே பார்த்தார், ஒருமுறை என்னைப் பார்த்தார்.

"சிலாங்கூர்ல தண்ணி இல்லன்னு நான் சொன்னது தப்புத்தான் தம்பி."

அம்மா அதற்குள் துணியோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். "மிதிக்காதீங்க, மிதிக்காதீங்க. பிழிஞ்சு வச்சா கக்கூஸுக்கு ஆகும்." மூன்று நாள் வறட்சி அவரை அப்படி ஆக்கியிருந்தது.

ஆளுக்கொரு கை பிடித்து அங்கிளை வெளியே இழுத்தோம். என் கைலியைக் கட்டிக்கொண்டு, அவருக்காகவே துடைத்து வைத்திருந்த அந்த நல்ல நாற்காலியில் கடைசியாக உட்கார்ந்தார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது ஒரு சாயங்காலத்தைத் தாண்டவில்லை. அவமானத்தில் காது எரிந்தது. ஆனால் இதற்கு மேல் இழக்க ஒன்றும் இல்லை என்றானதும் ஒரு துணிச்சல் வந்தது.

"அங்கிள், பினாங்கு நல்ல ஊர்தான். எங்க ஊர்ல தண்ணி நிக்கும், ரோட்ல வண்டியும் நிக்கும். ஆனா அம்மாவத் தனியா விட்டுட்டு என்னால வர முடியாது. தேவிகாவுக்கு என்னைப் பிடிக்கலன்னா சொல்லட்டும், கேட்டுக்கறேன். ஊரு பிடிக்கலன்னு நீங்க சொன்னா மட்டும் ஒத்துக்க மாட்டேன்."

நனைந்த கால்சட்டையோடு பேசினால் வீர வசனம் எடுபடாது என்று இப்போது தெரிகிறது.

அங்கிள் மகளைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்ற?"

தேவிகா புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். "அப்பா, அம்பாங்லயும் நேத்துல இருந்து தண்ணி இல்ல. நான் காலைல ஆபீஸ் ஜிம்ல குளிச்சிட்டுத்தான் உங்களக் கூப்பிட வந்தேன்."

"நீ ஒருநாளும் சொன்னதே இல்லையே."

"சொன்னா, வீட்டுக்குத் திரும்பி வான்னு சொல்வீங்க. எனக்கு இங்க இருக்கப் பிடிச்சிருக்குப்பா. வந்ததுல இருந்தே மறைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அங்கிள் நனைந்த தரையைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை, கொஞ்சம் வருத்தம் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது. பிறகு எழுந்து, கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அம்மாவின் கையிலிருந்து துணியை வாங்கி, வாளியில் பிழிந்தார்.

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி புளுகறீங்க. சேர்ந்தே இருங்க. இங்கயே இருங்க. இனி எங்கிட்ட எதுவா இருந்தாலும் நேராச் சொல்லிடுங்க."

எங்கள் கல்யாணத்தன்று கிள்ளான் மண்டபத்தில், தேவிகா மணவறையில் உட்காரப் போன நேரத்தில் எனக்கு மாமாவாகிவிட்ட அங்கிள் கையை நீட்டித் தடுத்தார். குனிந்து, பலகையை இரண்டு முறை தட்டிப் பார்த்தார். பிறகு தலையசைத்து, உட்காரச் சொன்னார். பட்டர்வொர்த்திலிருந்து வந்த பஸ் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஐயருக்கு ஒன்றும் புரியாமல், இவர்கள் பக்கம் ஏதோ சம்பிரதாயம் என்று நினைத்து, மாப்பிள்ளைப் பலகையையும் தட்டச் சொன்னார்.

அதிலிருந்து எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாரும் தட்டாமல் உட்காருவதில்லை. தீபாவளி, திருமணம், மருத்துவமனை வரிசை, எங்கும் தட்டல்தான். போன மாதம் எங்கள் மகளின் பாலர் பள்ளி ஆசிரியை தேவிகாவை நிறுத்தி வைத்துக் கேட்டார்.

"பாப்பா தினமும் நாற்காலியத் தட்டிட்டுத்தான் உக்காருது. மத்த பிள்ளைங்களும் ஆரம்பிச்சிட்டாங்க. இது பினாங்குப் பக்கத்து வழக்கமா, கிள்ளான் பக்கத்து வழக்கமாங்க?"

தேவிகா யோசிக்கவே இல்லையாம். "கிள்ளான் வழக்கம் டீச்சர். அவங்க அப்பா வழி."