ஏழாம் நம்பர் யார்?

பெரிய கோச் வர இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. அவருக்குக் காட்டவேண்டிய ஏழாம் நம்பர் பையன் யாரென்று கண்ணாடிக்காரருக்குத் தெரியவில்லை.

கால்பந்து கிளப்பின் சிறுவர் பயிற்சிக்கூடத்தில் பையன்களின் ஆட்டத்தை எடைபோட்டுக் குறிப்பு எழுதுவது அவர் வேலை. மாடி ஜன்னல்தான் ஆபீஸ். அங்கிருந்து பார்த்தால் பையன்கள் எறும்பு மாதிரியும், முதுகில் உள்ள எண்கள் மட்டும் பளிச்சென்றும் தெரியும். குறிப்பில் பெயர் எழுதக் கூடாது என்பது கிளப்பின் சட்டம். எழுதினால் தலைவரின் மச்சான் மகன், செயலாளரின் தங்கை மகன் என்று வாரம் ஒரு மேதை முளைத்துவிடுகிறானாம்.

ஐந்து வருடமாக இங்கிருந்து ஒரு பையன்கூட முதல் அணிக்குப் போகவில்லை. இந்த வருடமும் போகாவிட்டால் மைதானத்தைக் கார் நிறுத்துமிடம் ஆக்குவது, கண்ணாடிக்காரரை அதன் வாசலில் சீட்டுக் கிழிக்க உட்கார வைப்பது என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருந்தது.

அப்போதுதான் ஏழாம் நம்பர் உதித்தான். கண்ணாடிக்காரரின் நோட்டு அவன் புராணமாகவே ஆகிவிட்டது. 'ஒரு நொடி சும்மா நிற்பதில்லை. தோளை ஒரு குலுக்குக் குலுக்குகிறான், மூன்று பேர் ஏமாந்து விழுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் முதல் ஆளாகக் குளிக்க ஓடுகிறான். என்ன ஒழுக்கம்.'

இதைப் படித்துவிட்டுத்தான் முதல் அணியின் பெரிய கோச் நேரில் வருகிறார்.

கண்ணாடிக்காரர் வேலையில் சேர்ந்ததிலிருந்து முதல்முறையாக உடைமாற்றும் அறைக்குள் நுழைந்தார்.

"யாருப்பா இங்க ஏழாம் நம்பர்?"

ஆறு கைகள் உயர்ந்தன.

"ஒரு நம்பருக்கு ஆறு பேரா?"

"கூடையில கைக்கு வந்த சட்டையைப் போட்டுக்குவோம் சார். போன வாரம் எனக்கு வந்துச்சு."

"அதுக்கு முந்தின வாரம் எனக்கு."

கண்ணாடிக்காரர் நோட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் இடதுகால் மன்னன், மறுபக்கத்தில் வலதுகால் மன்னன். ஒரு வாரம் கொடிக்கம்ப உயரம், அடுத்த வாரம் கொடிக்கம்பத்தின் பீட உயரம். 'வளர்ச்சியில் ஏற்ற இறக்கம் உள்ளது' என்று தானே எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார்.

சரி, ஆறில் ஒருவனைக் காட்டிவிடலாம்.

"நீ போட்டுக்கோடா."

"வயிறு வலிக்குது சார்."

"அப்ப நீ."

"கால் சுளுக்கு சார்."

இரண்டே நிமிடத்தில் அறை ஆஸ்பத்திரி வார்டாகிவிட்டது. ஒருவனுக்குப் பல்வலியாம்.

"பந்தைப் பல்லாலயா உதைக்கிறே? ஏன்டா, ராசியில்லாத சட்டையா அது?"

பையன்கள் வாசலைப் பார்த்தார்கள். சட்டைகளைத் துவைத்துத் தைத்துக் கொடுக்கும் சட்டையக்கா கூடையோடு அங்கே நின்றிருந்தார். எல்லா வாயும் மூடிக்கொண்டன.

வெளியே கார் ஹாரன் கேட்டது.

மூலையில் ஒரு பையன் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான். பட்டப்பெயரே தூங்குமூஞ்சி. அவனைத் தாண்டிப் போன பந்துகளை வரிசையாக வைத்தால் அடுத்த ஊர் வரை போகும். அவன் கண் விழிப்பதற்குள் கண்ணாடிக்காரர் ஏழாம் நம்பரைத் தலைவழியாக மாட்டிவிட்டார்.

பிறகு பெரிய கோச்சின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கண்ணாடிக்காரர் மனசுக்குள் சீட்டுக் கிழித்துப் பழக ஆரம்பித்தார்.

விசில் ஒலித்தது. தூங்குமூஞ்சி துள்ளினான். வளைந்தான், நெளிந்தான், தோளைக் குலுக்கினான். அவனைப் பிடிக்கப் போன ஐந்து பேர் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு விழுந்தார்கள். நாலு கோல். ஒவ்வொரு கோலுக்கும் பிறகு கோல் கம்பத்தில் போய் முதுகைச் சாய்த்துச் சாய்த்து எழுந்தான்.

"கம்பத்துக்கு நன்றி சொல்றான் பாருங்க," என்று பெரிய கோச் கண் கலங்கினார். "எங்கய்யா ஒளிச்சு வெச்சிருந்தீங்க இவனை? நம்ம மண்ணுல வளர்ந்த பையன். ஞாயித்துக்கிழமை பைனல்ல முதல் அணிக்கு ஆடுறான். புதுச் சட்டை குடுங்க, பட்டு மாதிரி இருக்கணும்."

தூங்குமூஞ்சி சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஏற்கெனவே குளிக்க ஓடியிருந்தான்.

மைதானம் பிழைத்தது, வேலையும் பிழைத்தது. ஆனாலும் கண்ணாடிக்காரருக்கு மனசு ஆறவில்லை. "எப்படி? யார் போட்டாலும் எப்படி?" என்று வாய்விட்டே கேட்டுக்கொண்டார்.

சட்டையக்கா ஏழாம் நம்பரை இரண்டு விரலால் தூக்கிக் கூடையில் போட்டார்.

"புதுசு குடுக்கிறது நல்லதுதான் சார். இது முதுகுல கிழிஞ்சப்போ வேற துணி கிடைக்காம உள்பக்கம் சாக்கை வெச்சுத் தைச்சுட்டேன், போட்டவன் யாரா இருந்தாலும் ஒரு நொடி சும்மா நிக்க மாட்டான்."