டாக்டர் வீட்டுக் கம்ப்யூட்டர்

"மறுபடியும் போயிடுச்சு," என்றாள் மனைவி.

மேசைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்த டாக்டர், தெரியும் என்று தலையாட்டப் போய் மேசையில் நங்கென்று இடித்துக்கொண்டார்.

அவர் மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை. ஒரு கம்பெனியில் சம்பளக் கணக்குப் பார்க்கிறவர். அந்த அடுக்குமாடியில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். இவரும் போய், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, கொஞ்ச நேரம் யோசிக்கிற மாதிரி நின்றுவிட்டு, அதை அணைத்துவிட்டு மறுபடி போடுவார். பாதி கம்ப்யூட்டர்கள் அதிலேயே பிழைத்துக்கொள்ளும். அப்படி வந்ததுதான் டாக்டர் பட்டம்.

அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். இப்போது சொந்த வீட்டுக் கம்ப்யூட்டர் அந்த வைத்தியத்தைத் தனக்குத்தானே செய்துகொள்ள ஆரம்பித்திருந்தது. அணைவது அதன் பாடு, போடுவது இவர் பாடு.

மனைவி அதில்தான் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்குப் பாடம் எடுக்கிறாள். பாதிக் கணக்கில் டீச்சர் மறைந்துபோனால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், பெற்றவர்களுக்குக் கோபம். விஷயம் மனைவியின் அண்ணன் காதுக்குப் போனது.

"மாப்பிள்ளை, அதைத் தூக்கிப் போடுங்க. நான் புதுசு ஒண்ணு வாங்கித் தரேன்."

டாக்டருக்குச் சுருக்கென்றது. ஊர்க் கம்ப்யூட்டருக்கெல்லாம் நாடி பார்க்கிறவர் வீட்டுக்கு மச்சான் தயவில் ஒரு கம்ப்யூட்டரா? ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள், அதற்குள் நானே ஓட வைத்துக் காட்டுகிறேன் என்று வாயை விட்டுவிட்டார். மச்சான் சரி என்று சிரித்தார். அந்தச் சிரிப்புதான் டாக்டரைச் சாப்பிடவும் விடவில்லை, தூங்கவும் விடவில்லை.

தொட்டுப் பார்த்தார். பெட்டி கொதித்தது. ஆக, நோய் காய்ச்சல். பக்கத்துத் தகட்டைக் கழற்றினார். உள்ளே ஒரு தலையணைக்கு ஆகிற அளவு தூசி. வாயை வைத்து ஊதினார். தூசி பெட்டியை விட்டு வந்தது, அவர் கண்ணுக்குள் போனது. அன்று முழுக்க அவர் ஒற்றைக் கண்ணோடு திரிந்ததும், கம்ப்யூட்டர் முன்னைவிடச் சீக்கிரம் அணைந்ததும்தான் பலன்.

அடுத்து, திறந்த பெட்டிக்கு நேராக மேசை விசிறியை வைத்தார். அணையவில்லை. ஆனால் மனைவியின் தலைமுடி பறந்தது, தாள் பறந்தது. விசிறி போட்ட சத்தத்தில் கூட்டச் சொன்னதைப் பிள்ளைகள் கழித்தார்கள். ஒரு பெண் கையைத் தூக்கி, "டீச்சர், நீங்க கப்பல்லயா இருக்கீங்க?" என்று கேட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். டாக்டர் அறுவைச் சிகிச்சையில் இறங்கினார். உள்ளே இருந்த சின்ன விசிறியைக் கழற்றியபோது, அதன் அடியில் காய்ந்த பற்பசை மாதிரி ஏதோ அப்பியிருந்தது. இவ்வளவு அழுக்கு இருந்தால் எப்படி ஓடும் என்று, கண்ணாடி துடைக்கும் துணியால் பளபளவென்று துடைத்தார். மனைவியைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டவும் செய்தார். சூட்டை வெளியே கடத்துவதற்காகவே தடவி வைத்த பசை அது என்பது பாவம், அவருக்குத் தெரியாது.

மறுநாள் அவள் "வணக்கம் பிள்ளைங்களா" என்று ஆரம்பித்தாள். வணக்கம் மட்டும்தான் போய்ச் சேர்ந்தது.

"அண்ணன்கிட்டயே வாங்கிக்கலாங்க," என்றாள்.

"எனக்கு மானம்னு ஒண்ணு இருக்கு."

"எனக்கு கிளாஸ்னு ஒண்ணு இருக்கு."

சனிக்கிழமை அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து, டாக்டர் பெட்டியைப் போர்வையில் சுற்றி, குழந்தை மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டு கிளம்பினார். லிஃப்டில் மேல்வீட்டு அம்மா, என்ன டாக்டர், வெளியூர் நோயாளியா என்று விசாரித்தார். ஆமாம், கொஞ்சம் சீரியஸ் என்றார் டாக்டர். தன்னை யாருக்கும் தெரியாத தெருவாகப் பார்த்து, பஸ் பிடித்துப் போய் ஒரு கம்ப்யூட்டர் கடையில் இறக்கினார்.

கடைக்காரர் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். யாருடையது என்று கேட்டார். நண்பருடையது என்றார் டாக்டர். சந்தேகம் வராமல் இருக்க, நண்பர் கொஞ்சம் விவரம் போதாதவர் என்றும் சேர்த்துக்கொண்டார்.

"அது உள்ள பார்த்தாலே தெரியுது," என்றார் கடைக்காரர்.

பிறகு டார்ச்சை அணைத்துவிட்டு உண்மையை ஒப்புக்கொண்டார். அவர் புதுசு விற்கிறவர். இவ்வளவு பழசு அவருக்குப் பழக்கமில்லை.

"ஆனா கவலைப்படாதீங்க சார், இதுக்குன்னே ஒருத்தர் இருக்காரு. போன வாரம் நம்ம கஸ்டமர் ஒருத்தர் வந்து, தங்கச்சி வீட்டுக்குன்னு புதுசு ஒண்ணு எடுத்து வைக்கச் சொன்னாரு. நேத்து வந்து வேணாம்னுட்டாரு. வீட்டுக்காரரே சரி பண்ணிட்டாருன்னு தங்கச்சி போன் பண்ணிச்சாம். மனுஷனுக்குப் பெருமை தாங்கல. எவ்வளவு பழசா இருந்தாலும் எங்க மாப்பிள்ளையைக் கேளுங்க, டாக்டர்னாதான் தெரியும்னு நம்பரும் குடுத்துட்டுப் போயிருக்காரு."

டாக்டர் ஒரு ஸ்டூலைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். இவர் மானத்தைக் காப்பாற்ற அவள் ஒரு பொய் சொல்லியிருக்கிறாள். அதனால் புதுசு இனி வராது. மச்சான் மட்டும் நாளைக்கு வருவார், சரியான கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்க்க.

கடைக்காரர் அந்த நம்பரை அழுத்தி, போனைக் காதில் வைத்துக்கொண்டார். டாக்டரின் சட்டைப்பை அலற ஆரம்பித்தது. மேலோடு அமுக்கிப் பார்த்தார். அது நிற்கவில்லை.

"முதல்ல நீங்க உங்க போனை எடுத்துப் பேசுங்க சார்," என்றார் கடைக்காரர். "இவரு பெரிய ஆளு, உடனே எடுக்க மாட்டாரு போலிருக்கு. நான் லைன்லயே இருக்கேன்."